அனைத்துலகச் சட்டமும் ஏழையின் முறையீடும்

மலாக்கா நகருக்கும் தம்பினுக்கும் இடையே ஒரு காலத்தில் இரயில் ஓடியது என்பதை இன்றைய மாணவருள் பலர் அறியார். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அக்கிளைப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போடப்பட்ட பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. போர் முடிந்தது, பாதை மீண்டும் போடப்படவில்லை. மலாக்கா நகருக்கு இரயில் வரும் வழி அன்றோடு அற்றுப் போயிற்று.

தண்டவாளம் சென்ற வழியே மனிதரும் சென்றனர். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர், ஆயிரம் ஆயிரமாகச் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டுச் சயாம் காட்டுக்கு அனுப்பப்பட்டனர். தண்டவாளம் திரும்பி வராதது போலவே அவருள் பெரும்பகுதியினர் திரும்பி வரவில்லை. இழந்த தண்டவாளத்துக்குக் கணக்குப் பார்க்க அரசு ஒன்று இருந்தது. இழந்த தந்தைக்கும் கணவனுக்கும் கணக்குக் கேட்கத் தோட்டத்துப் பெண் எந்த மன்றத்தின் வாயிலில் நிற்பாள்? அவளுக்கு இழைக்கப்பட்டது அனைத்துலகச் சட்டத்துக்கு மாறான தீங்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் அனைத்துலகச் சட்டத்தைக் கையில் ஏந்தி, ஒரு தனிமனிதர் உள்நாட்டு நீதிமன்றத்தில் வழக்காட இயலுமா? இவ்வினாவுக்கு வரலாறு கூறும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைச் சட்டங்கள்

ஒரு நாட்டின் குடிகளைக் கட்டுப்படுத்துவது உள்நாட்டுச் சட்டம். நாடுகள் தம்முள் நடந்துகொள்ள வேண்டிய முறையை வகுப்பது அனைத்துலகச் சட்டம். பழைய கொள்கைப்படி, இவ்விரண்டாவது சட்டத்தின் முன் ‘ஆள்’ எனப்படுவது அரசு மட்டுமே. தனிமனிதருக்கு அங்கு இடமில்லை. ஒருவருக்கு வேற்று நாட்டினர் தீங்கிழைத்தால், அவருடைய அரசு அவருக்காகப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். பெற்ற இழப்பீட்டை அவருக்கு வழங்கலாம்; வழங்காமலும் இருக்கலாம்.

ஒப்பந்தங்கள் மக்களின் வாழ்வைத் தொடாமல் நின்றுவிடுவதில்லை. இதற்கு மலாக்கா மாநிலமே சான்று. 1824-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இலண்டனில் செய்த ஒப்பந்தத்தால் மலாக்கா கைமாறியது. கைமாறும் நிலப்பகுதிகளில் வாழ்வோர், ஆறாண்டுக் காலத்துக்குள் தம் உடைமைகளை விருப்பம்போல் விற்று, விரும்பிய நாட்டுக்குச் செல்லலாம் என்று அதன் 14-ஆம் விதி கூறியது. மலாக்காச் செட்டிகளும் அவ்விதிக்குள் அடங்கியவர்களே. ஆனால் அவர்களைக் கேட்டு அவ்விதி எழுதப்படவில்லை.

சுங்கை ஊடாங்கை அடுத்துள்ள தெரெண்டாக் முகாமும் இத்தகைய சான்றுதான். 1957-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டனும் மலாயாவும் செய்துகொண்ட தற்காப்பு ஒப்பந்தத்தை ஒட்டியே காமன்வெல்த் படையினர்க்கென அம்முகாம் எழுந்தது. இரு அரசுகள் இட்ட கையொப்பம் ஒரு கடற்கரைச் சிற்றூரின் முகத்தையே மாற்றிவிட்டது. ஒப்பந்தத்தின் விளைவு ஊரின் நடுவே வந்து நிற்கிறது. ஒப்பந்தத்தின் உரிமை மட்டும் ஊராரின் கைக்கு எட்டுவதில்லை. இம்முரண்பாடு எங்கிருந்து தோன்றியது?

தஞ்சை அரசியின் வழக்கு

காமன்வெல்த் நாடுகளின் மன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் பழைய தீர்ப்புகளுள் ஒன்று தமிழ் மண்ணில் பிறந்தது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சிவாஜி, 1855-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆண் வாரிசு இன்றி இறந்தார். 1799-ஆம் ஆண்டில் அவருடைய தந்தை சரபோசி மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்திருந்தார். அரசபதவி ஒழிந்தது என்று அறிவித்த கம்பெனியார், அரண்மனையைப் பூட்டி முத்திரையிட்டு, மன்னரின் சொந்த உடைமைகளையும் சேர்த்துக் கைப்பற்றினர்.

மன்னரின் மனைவி காமாட்சிபாய் அஞ்சவில்லை. ‘நாடு உங்களுடையதாகலாம், என் கணவரின் சொந்தப் பொருள் எவ்வாறு உங்களுடையதாகும்?’ என்பதே அவர் வழக்கின் சாரம். சென்னையிலிருந்த உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்கு இலண்டன் பிரிவியூ கவுன்சிலுக்குச் சென்றது. 1859-ஆம் ஆண்டு சூலையில் கிங்ஸ்டவுன் பிரபு அத்தீர்ப்பை மாற்றினார். சுதந்தர அரசுகள் தம்முள் நடத்தும் செயல்களை உள்நாட்டு மன்றங்கள் செலுத்தும் சட்டம் கட்டுப்படுத்தாது. அது நியாயமா, அநியாயமா என்று ஆராய மன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. ‘அரசச் செயல்’ என்னும் பெயரால் அக்கோட்பாடு வழங்கலாயிற்று.

இவ்வழக்கின் முடிவு கருதத்தக்கது. 1862-ஆம் ஆண்டில் அரசாங்கம் தானே முன்வந்து அவ்வுடைமைகளை மன்னர் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. ஆயினும் காமாட்சிபாய் பெற்றது உரிமை அன்று; கருணை. கேட்டுப் பெறுவது உரிமை. கொடுத்தால் பெறுவது கருணை. இவ்விரண்டின் வேறுபாட்டை உளங்கொண்டால், பின்வரும் வரலாறு முழுவதும் தெளிவாக விளங்கும்.

அரசியருக்கே இந்நிலை என்றால் ஆண்டிகளின் நிலை என்ன? தமிழ் மரபு இதற்கு வேறு விடை கூறுகிறது. கண்ணகி சோழநாட்டுப் புகார் நகரத்தவள். நீதி கேட்டுச் சென்றதோ பாண்டியன் அவை. அவளுக்காகச் சோழ அரசனின் தூதுவர் எவரும் மதுரைக்குப் போகவில்லை. வேற்று நாட்டுக் குடிமகள் ஒருத்தி, அரசனின் துணையின்றித் தானே முறையிட்டாள். வாயிற்காவலன் அவளைத் தடுத்து நிறுத்தவில்லை. மன்னனும் அவள் வழக்கைக் கேட்டான். ‘உன் அரசன் வந்து கேட்கட்டும்’ என்று பாண்டியன் கூறியிருந்தால் சிலப்பதிகாரமே இல்லை. இலக்கியம் பல நூற்றாண்டுகளாக ஏற்றுக்கொண்ட இவ்வறத்தை அனைத்துலகச் சட்டம் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று.

தான்சிக் இரயில்வே ஊழியர்

பழைய கொள்கையில் முதல் விரிசல் தோன்றியதும் ஓர் இரயில்பாதையை ஒட்டியே என்பது வியப்புக்குரியது. முதல் உலகப் போருக்குப் பின் தான்சிக் ஒரு தனி நகர அரசாயிற்று. அங்குள்ள இரயில்வேயைப் போலந்து நாட்டு நிருவாகம் ஏற்றது. ஊழியர்களின் ஊதியம் முதலியவற்றைப் பற்றி 1921-ஆம் ஆண்டில் இரு தரப்பு அரசுகளும் ஓர் உடன்பாடு செய்தன. அவ்வுடன்பாட்டைக் காட்டி ஊழியர் தான்சிக் மன்றங்களில் வழக்குத் தொடுத்தனர். ‘உடன்பாடு அரசுகளுக்கிடையே ஆனது, ஊழியர் அதைக் கொண்டு வழக்காட இயலாது’ என்றது போலந்து.

அனைத்துலக நிலையான நீதிமன்றம் 1928-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தன் கருத்தைக் கூறியது. பொதுவாக ஓர் ஒப்பந்தம் தனிமனிதருக்கு நேரடி உரிமை தருவதில்லை. ஆயினும் ஒப்பந்தம் செய்தோரின் எண்ணமே அதுவானால், தனிமனிதர் அவ்வுரிமையை உள்நாட்டு மன்றத்திலேயே நிலைநாட்டலாம் என்று அம்மன்றம் தெளிவுபடுத்தியது. இரயில்வே ஊழியர்க்கு வாயில் திறந்தது. அதே நூற்றாண்டில் வேறோர் இரயில்பாதையில் உழைத்தவர்க்கு அது திறந்ததா என்பதை இனி நோக்குவோம்.

எழுத்திலிருந்த காப்பு

சயாம் பாதை போடப்படுவதற்கு முன்பே, அதில் உழைத்தவர்களைக் காக்கும் விதிகள் எழுத்தில் இருந்தன. 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, கைப்பற்றப்பட்ட நாட்டின் குடிமக்களிடம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதற்கு எல்லை வகுத்தது. விதிகளை மீறும் நாடு இழப்பீடு தரக் கடமைப்பட்டது என்று அதன் மூன்றாம் விதி உரைத்தது. 1930-ஆம் ஆண்டில் அனைத்துலகத் தொழில் அமைப்பு, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 29-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. சப்பான் 1932-ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது.

பத்தே ஆண்டுகள் கழிந்தன. 1942-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நொங் பிலாடுக் முதல் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதை வேலை தொடங்கி, 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர். ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகை இதனினும் பன்மடங்கு. அவருள் மலாயாவிலிருந்து சென்றோர் 70,000-க்கும் மேற்பட்டவர் எனக் கணக்கிடப்படுகிறது; பெரும்பாலோர் தோட்டத் தமிழர். முதலில் நல்ல கூலி, குறுகிய காலம் என்று ஆசை காட்டினர். ஆள் சேராதபோது வழியில் கண்டவரையெல்லாம் பிடித்து வண்டியேற்றினர். மழைக்காலக் காடு, அரைவயிற்றுச் சோறு, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, 1943-இல் பரவிய வாந்திபேதி ஆகியவை அவர்களைக் குவியல் குவியலாக வீழ்த்தின. இறந்தோரின் எண்ணிக்கையில் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுகின்றனர். அவ்வேறுபாடே ஓர் உண்மையைச் சொல்லும்: எவரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

போருக்குப் பின்

போர் முடிந்ததும் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்கள் அமைந்தன. 1946 முதல் 1948 வரை அங்கு 131 வழக்குகள் விசாரிக்கப்பட்டன. சயாம் பாதையில் நிகழ்ந்த கொடுமைகளும் அவற்றுள் அடங்கும். ‘அரசு ஆணையிட்டது, நான் செய்தேன்’ என்னும் வாதம் ஏற்கப்படவில்லை. அதே காலத்தில் நூரம்பர்க்கு மன்றமும், அனைத்துலகச் சட்டத்தை மீறும் குற்றங்களைச் செய்வோர் மனிதரே என்று கூறித் தனிமனிதரைத் தண்டித்தது.

இங்கு ஒரு பெரிய முரண் புலனாகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது தனிமனிதன் அனைத்துலகச் சட்டத்தின் முன் ஓர் ஆள். ஆனால், தனக்குற்ற தீங்குக்கு நீதி கேட்டு முறையிடும்போது அவன் ஆள் அல்லன். கடமை அவன் தலையில் ஏறிவிட்டது; உரிமை மட்டும் அரசின் பெட்டகத்தில் இருந்தது.

1951-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் 14-ஆம் விதியின்படி, நேசநாடுகள் தம் சார்பிலும் தம் குடிமக்கள் சார்பிலும் எழும் கோரிக்கைகளைக் கைவிட்டன. 16-ஆம் விதி சப்பானின் வெளிநாட்டு உடைமைகளிலிருந்து துன்புற்ற போர்க்கைதிகளுக்கு உதவ வழி செய்தது. ஆனால் அது படைவீரர்க்கு உரியது. பால்மரத் தொழிலாளி படைவீரன் அல்லன். மலாயா அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. இந்தியா அம்மாநாட்டுக்குச் செல்லவில்லை. எனினும் 1952-ஆம் ஆண்டில் சப்பானுடன் செய்த தனி உடன்படிக்கையில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விட்டுக்கொடுத்தது. தோட்டத் தமிழன் பிறந்த நாடும் கைவிட்டது. உழைத்த நாட்டை ஆண்டவரும் கைவிட்டனர். அவனைக் கேட்டவர் எவருமில்லை.

1960-களில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘இரத்தக் கடன்’ கோரிக்கை வலுத்தது. முடிவில் 1967-ஆம் ஆண்டில் சப்பான், மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள பொருள்களும் பணிகளும் தர உடன்பட்டது. போர்க்கால நிகழ்வுகளைப் பற்றிய எல்லாச் சிக்கல்களும் இத்துடன் முற்றாகத் தீர்ந்தன என்று இரு நாடுகளும் ஏற்றன. அத்தொகை இரு சரக்குக் கப்பல்களாக வந்தது. வளரும் நாட்டுக்குக் கப்பல் வேண்டாததன்று. ஆயினும் சயாமில் கணவனைப் புதைத்த விதவையின் கையில் அக்கப்பல்களில் ஒரு பலகையும் வந்து சேரவில்லை. உரிமையாக அன்றி, அரசுகளின் இணக்கமாக வந்த பொருள் அரசோடு நின்றது.

தோக்கியோ மன்றங்களில்

அரசு கைவிட்ட பின்னும் தனிமனிதர் வழக்காடலாமா என்னும் வினா சப்பானிய மன்றங்களிலேயே எழுந்தது. அணுகுண்டால் துன்புற்ற ஐவர் தொடுத்த வழக்கில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஷிமோதா வழக்கு என்று அதனை வழங்குவர். இரோசிமா, நாகசாகி நகரங்கள்மீது குண்டு வீசியது அனைத்துலகச் சட்டத்துக்கு மாறானது என்று மன்றம் துணிந்து கூறியது. ஆனால், ஒப்பந்தம் வெளிப்படையாக வழி செய்தாலன்றித் தனிமனிதர் அச்சட்டத்தின்படி இழப்பீடு கோர இயலாது என்று வழக்கைத் தள்ளியது. தீங்கு உண்டு, தீர்வு இல்லை என்பதே அத்தீர்ப்பின் பொருள்.

1998-ஆம் ஆண்டில் டச்சு நாட்டு முன்னாள் போர்க்கைதிகளும் பிறரும் ஹேக் உடன்படிக்கையின் மூன்றாம் விதியைக் காட்டி வழக்காடினர். அவ்விதி நாட்டுக்கு நாடு தரும் இழப்பீட்டையே குறிக்கும் என்று தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. 1999-ஆம் ஆண்டில் அனைத்துலகத் தொழில் அமைப்பின் வல்லுநர் குழு, போர்க்காலத்தில் சீனரையும் கொரியரையும் சப்பானியத் தொழில்களில் கட்டாயமாக உழைக்க வைத்தது 29-ஆம் உடன்படிக்கைக்கு மாறானது என்று கருத்துரைத்தது. நிவாரணம் வழங்கத் தனக்கு அதிகாரமில்லை என்பதையும் உடன் கூறியது.

2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், சீனத் தொழிலாளர் நிஷிமாட்சு நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் சப்பானிய உச்ச நீதிமன்றம் முடிவான தீர்ப்பைத் தந்தது. அவர்கள் பட்ட துன்பத்தை மன்றம் மறுக்கவில்லை. நாடுகள் செய்த அமைதி ஏற்பாட்டினால், அக்கோரிக்கையை மன்றத்தின் வழியே நிறைவேற்றும் ஆற்றல் அற்றுப்போயிற்று என்றது. தொடர்புடையோர் தாமாக முன்வந்து உதவுவர் என்னும் எதிர்பார்ப்பையும் தெரிவித்தது. அதன்படி 2009-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 360 தொழிலாளர்க்கென 250 மில்லியன் யென் நிதி அமைத்தது. தஞ்சையில் 1862-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் நிகழ்ந்தது. உரிமைக் கதவு அடைபட்டது. கருணைச் சாளரம் திறந்தது.

கொரியாவில் காற்று வேறு திசையில் வீசியது. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் கொரிய உச்ச நீதிமன்றம், சப்பானிய எஃகு நிறுவனம் ஒன்று நான்கு தொழிலாளர்க்குத் தலைக்கு 100 மில்லியன் வொன் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்த்தது. 1965-ஆம் ஆண்டில் இரு அரசுகளும் செய்த உடன்பாடு, கட்டாய உழைப்பால் நேர்ந்த மனத்துன்பத்துக்கான இழப்பீட்டை உட்கொள்ளவில்லை என்பது அம்மன்றத்தின் துணிபு. அத்தீர்ப்பு ஊன்றி நின்றது கொரிய உள்நாட்டுச் சட்டத்தின்மீது என்பது குறிக்கத்தக்கது. இரு நாட்டு மன்றங்களின் முன்னும் வந்தது ஒரே போர்க்காலக் கட்டாய உழைப்புத்தான். ஆனால் தீர்ப்புகள் மாறுபட்டன.

நம் நாட்டு மன்றங்களில்

மலேசியாவின் நிலை யாது? கூட்டரசு அரசமைப்பு, ‘சட்டம்’ என்பதற்கு 160-ஆம் விதியில் தரும் விளக்கத்தில் எழுத்துச் சட்டமும் பொதுச் சட்டமும் வழக்காறும் உண்டு. அனைத்துலக ஒப்பந்தம் இல்லை. எனவே நாடு ஏற்றுக்கொண்ட ஒப்பந்தமும் நாடாளுமன்றம் சட்டமாக்கினால்தான் மன்றத்தில் செல்லும் என்பதே பொது விதி.

இவ்விதியை ஓர் ஆசிரியை அசைத்துப் பார்த்தார். கர்ப்பமுற்றிருந்த காரணத்தால் அவருக்குக் கிடைத்த தற்காலிக ஆசிரியப் பணி மீட்டுக்கொள்ளப்பட்டது. நோர்ஃபடில்லா வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கில், ஷா ஆலம் உயர் நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசமைப்பின் 8-ஆம் விதியில் 2001-ஆம் ஆண்டில் பால் வேறுபாட்டைத் தடுக்கும் சொல் சேர்க்கப்பட்டிருந்தது. அச்சொல்லுக்குப் பொருள் காண, 1995-ஆம் ஆண்டில் மலேசியா ஏற்ற பெண்கள் உரிமை உடன்படிக்கையை மன்றம் துணைக்கு அழைத்தது. 2014-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, வேறொரு வழக்கில், சட்டமாக்கப்படாத அவ்வுடன்படிக்கைக்குச் சட்ட வலிமை இல்லை என்று கூறிவிட்டது.

ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திராகாந்தியின் வழக்கும் இவ்வகையினதே. தம் பிள்ளைகள் தம் இசைவின்றி மதம் மாற்றப்பட்டதை அவர் எதிர்த்தார். 2013-ஆம் ஆண்டில் ஈப்போ உயர் நீதிமன்றம், அரசமைப்பை விளக்குமிடத்து அனைத்துலக மனித உரிமை நெறிகளையும் நோக்கியது. 2018-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் என்று முடிவு செய்தது. அம்முடிவு நின்றது அரசமைப்பின்மீதும், தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தரும் உள்நாட்டுச் சட்டத்தின்மீதும் ஆகும்.

இந்தியாவில் 1997-ஆம் ஆண்டின் விசாகா வழக்கு, சட்டம் இல்லாத இடத்தை அனைத்துலக உடன்படிக்கையின் துணையால் நிரப்பியது. இலங்கையிலோ கதை வேறு. சிங்கராசா என்னும் தமிழர், ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றின் அடிப்படையில் 1995-ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் தண்டனை 35 ஆண்டாகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-ஆம் ஆண்டில் அவருக்கு நேர்மையான விசாரணை கிட்டவில்லை என்று கண்டது. அதனைக் கையில் கொண்டு அவர் தம் நாட்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் அம்மன்றம், அக்குழுவிடம் முறையிட வழி செய்த நெறிமுறையை அதிபர் ஏற்றதே அரசமைப்புக்கு மாறானது என்று கூறி அவர் மனுவைத் தள்ளியது. உலக மன்றில் வென்றவர் ஊர் மன்றில் தோற்றார்.

தடைக்குக் காரணம்

நீதிபதிகள் நெஞ்சில் ஈரம் இல்லாதவர் என்று இதனால் முடிவு செய்தல் பொருந்தாது. தடைக்குத் தக்க காரணமும் உண்டு. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது அமைச்சரவை. சட்டம் இயற்றுவது மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம். கையொப்பமே சட்டமாகுமானால், அமைச்சரவை நாடாளுமன்றத்தைக் கேளாமலே குடிமக்களின்மீது சட்டங்களைச் சுமத்த இயலும். இன்று உரிமை தரும் கை நாளை உரிமையைப் பறிக்கவும் கூடும். ஆதலின், ஒப்பந்தம் நாடாளுமன்றத்தின் வழியே வரவேண்டும் என்பது குடியாட்சிக்கு ஒரு காவலே ஆகும்.

எனினும் காவல் வேறு, அடைப்பு வேறு. உலக அரங்கில் ஒப்புக்கொண்டதை உள்நாட்டில் சட்டமாக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவது, வாக்குக் கொடுத்து வாயிலை அடைப்பது போன்றதாகும். குறை மன்றத்தில் மட்டும் இல்லை. சட்டமாக்கத் தவறும் அரசுகளிடமும், சட்டமாக்கும்படி கேட்கத் தவறும் மக்களிடமும் அது உண்டு.

திறந்த வாயில்

இவ்வகையில் மலேசிய வரலாறு நம்பிக்கை தருகிறது. 1957-ஆம் ஆண்டின் அரசமைப்பு, தன் 6-ஆம் விதியில் கட்டாய உழைப்பைத் தடுத்தது. சயாமில் மாண்டோரின் நினைவு மாறாத காலத்தில் எழுதப்பட்ட விதி அது. அதே ஆண்டில் நாடு 29-ஆம் உடன்படிக்கையையும் ஏற்றது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் அதன் புதிய நெறிமுறையை ஏற்றது. அவ்வாண்டே வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, அச்சுறுத்தியோ ஏமாற்றியோ வன்முறையாலோ ஒருவரை உழைக்க வைப்பது குற்றம் என்னும் 90பி பிரிவு சேர்ந்தது. 2023-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 1930-ஆம் ஆண்டில் செனீவாவில் எழுதப்பட்ட சொல், தொண்ணூறு ஆண்டுகள் நடந்து, இந்நாட்டுத் தொழிலாளியின் வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

அவ்வாயில் சயாமுக்குப் போனவர்க்குப் பயன்படாது. அவர் காலம் முடிந்தது. இன்று தோட்டங்களில் தமிழர் இருந்த லயங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் வாழ்கின்றனர். கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் பூட்டப்பட்ட தொழிலாளிக்கு, பாட்டன் காலத்துத் தமிழனுக்குக் கிட்டாத வாயில் இன்று உண்டு. அதனை அவனுக்குச் சுட்டிக்காட்டும் கடமை, அத்துன்பத்தை முன்னர் அறிந்த குலத்துக்கன்றி வேறு யாருக்கு உரியது?

எனவே, தனிமனிதர் அனைத்துலகச் சட்டத்தை உள்நாட்டு மன்றத்தில் நிலைநாட்ட இயலுமா என்னும் வினாவுக்கு விடை இதுவாகும்: ஒப்பந்தம் தானே தனிமனிதர்க்கு உரிமை தரும்போது இயலும், நாடாளுமன்றம் அதனைச் சட்டமாக்கும்போது இயலும், அரசமைப்பின் சொல்லுக்குப் பொருள் காணும் ஒளியாக மன்றம் அதனை ஏற்கும்போது ஓரளவு இயலும். இம்மூன்றும் இல்லாதபோது, எவ்வளவு பெரிய தீங்காயினும், கருணையை எதிர்நோக்கியே நிற்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. எந்த வாயில் திறந்தாலும் உள்ளே செல்லப் பெயர் வேண்டும், நாள் வேண்டும், சான்று வேண்டும். காஞ்சனபுரியிலும் தன்பியூசாயாட்டிலும் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. அவர்கள் அருகே உழைத்து மாண்ட தமிழருக்குப் பெயரில்லை. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ போன்ற புதினங்களே நெடுங்காலம் அவர்தம் கல்லறைகளாய் நின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சிதறிய இக்காலத்தில், ‘என் பாட்டனார் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை’ என்று சொல்லும் முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் கூறும் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் ஒரு மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதி வைப்பானாயின், அது பள்ளிப் பயிற்சி மட்டும் ஆகாது. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத மாணவனை ஆசிரியர் அழைக்க இயலாது. வரலாற்றின் பதிவேட்டில் பெயர் இல்லாதவனை நீதியும் அழைப்பதில்லை.

மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைப் பசுவும் இழுத்து ஒலிக்கச் செய்தது என்பர். மணி கட்டுவது அரசின் கடன். கயிறு கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறதா என்று பார்ப்பது கற்றோரின் கடன்.